தொட்டிக்காரரின் நோட்டு

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவருக்கு வந்த வினையே அதுதான். கொஞ்சம் கெட்ட பேர் எடுத்திருந்தால் மனுஷன் தப்பித்திருப்பார்.

ஊருக்குத் தண்ணீர் விடுகிற வேலை அவருக்கு. நாலு தெரு, நூற்று நாற்பது வீடு, ஒரு கிணறு, தூண்கள் மேல் நிற்கும் ஒரு தொட்டி. தொட்டிக்காரர் என்றால் அவர்தான். விடிகிற நேரத்துக்குக் கிணற்றடிக்குப் போவார். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் தண்ணீரை அளப்பார். அதற்கு ஒரு கயிறு வைத்திருந்தார். நுனியில் இரும்புக் குண்டு, அடிக்கு ஒரு பெரிய முடிச்சு, காலடிக்கு ஒரு சின்ன முடிச்சு. குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றை மேலே இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ணி, மோட்டார் அறையில் ஆணியில் தொங்கும் நோட்டில் எழுதுவார். பிறகு மோட்டார், பிறகு தொட்டி, பிறகு தெருத் தெருவாக வால்வு. ஒரு தெருவுக்கு நாற்பது நிமிடம். ஒரு நிமிடம் கூடாது, ஒரு நிமிடம் குறையாது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் கடிகாரத்துக்கு அவரைப் பார்த்துத்தான் மணி வைப்பார்கள்.

பேச்சு மட்டும் வராது. நான் தையல்காரன். கால்சட்டைக்கு அளவெடுக்கிற நேரத்தில் ஊர்க்கதை அத்தனையும் பேசி முடித்துவிடுவேன். அவர் வாய்க்கும் ஒரு வால்வு வைத்திருந்தார் போலிருக்கிறது, அரைச் சுற்றுக்கு மேல் திறக்க மாட்டார். "மச்சான், ஒரு வார்த்தை பேசினா தண்ணி வரி போடுவாங்களா?" என்று கேட்பேன். சிரிப்பார். அதோடு சரி.

அவருக்கு ஒரே மகள். பெயர் இருக்கிறது, ஆனால் ஊருக்கே அவள் பாப்பா. கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தை வந்த பிறகும் பாப்பாதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அப்பாவோடு கிணற்றடிக்குப் போவாள். திரும்பி வரும்போது பாவாடையெல்லாம் நனைந்திருக்கும், அக்கா கத்துவாள். பெரியவளானதும் நகரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள். மூன்று மணி நேர பஸ். அங்கே அவர்களுக்கு ஒரே ஒரு அறை. சமைப்பது, தூங்குவது, குழந்தை தவழ்வது எல்லாம் அதற்குள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், நாக்கு மூன்றும் போயின. அன்றிலிருந்து மச்சானின் வாழ்க்கை நாற்பது நாற்பது நிமிடமாகத் துண்டுபட்டது. ஒரு தெருவுக்கு வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார். அக்காவைப் புரட்டிப் படுக்க வைப்பார். திரும்ப ஓடிப்போய் அதை மூடி, அடுத்ததைத் திறப்பார். அடுத்த நாற்பது நிமிடத்தில் கஞ்சி ஊட்டுவார். அதற்கடுத்ததில் தலை வாரிவிடுவார். வகிடு கோணலாகத்தான் எடுப்பார். அக்கா பேச முடியாமல் முறைப்பாள்.

பாப்பா எப்படியாவது ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று துடித்தாள். எங்கே வந்து இருப்பது? அப்பா வீடு தொட்டிக்குக் கீழே ஊர் மன்றம் கொடுத்த ஒற்றை அறையும் சமையலறையும். அதில் அக்காவின் கட்டில் போக மிச்சம் இருப்பது நடக்கிற இடம். ஊரில் காலி வீடு கிடையாது. ஒரு வீடு காலியாக வேண்டும் என்றால் யாராவது சாக வேண்டும், அதற்கும் ஏற்கெனவே ஆள் காத்திருந்தது. புதிதாகக் கட்டலாம் என்றால் சுற்றிலும் வயல். ஊர் மன்றம் சரி என்று சொல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. மன்றம் முப்பது வருஷமாகச் சரி என்று சொன்னதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வயலின் சொந்தக்காரர் முப்பது வீடு கட்ட அனுமதி கேட்டார். பத்து வீடு இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு என்றார். முதல் விண்ணப்பம் பாப்பாவுடையது. வரைபடத்தில் ஏழாவது வீட்டைப் பென்சிலால் சுழித்து என்னிடம் காட்டினாள். அதன் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தொட்டி தெரியுமாம், அம்மா வீட்டு விளக்கு தெரியுமாம். அதே மாதத்தில் அவள் வீட்டுக்காரருக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு நாள் பயணம் போக வேண்டிய ஒரு துறைமுகம். வேலை கொடுத்தவர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "வீடு கிடைச்சா போக மாட்டோம் மாமா. கிடைக்கலேன்னா வேற வழி இல்ல" என்றாள். என் கையில் ஒரு ஓட்டு இருந்தது. மன்றத்தில் ஏழு பேர், அதில் நான் ஒருவன். நீ பெட்டியைக் கட்டாதே, மாமா இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள்தான் மிச்சம், வீடு வராவிட்டால் அடுத்த வருஷம் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றார் வாத்தியார். மாட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் எவர் என்று தெரியாதவர்கள் வந்து நிறைவார்கள், மாடு போகிற வழியில் கார் நிற்கும், இருக்கிற தண்ணீரை முப்பது வீட்டுக்குப் பங்கு போட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டு மாதம் என் கடையில் துணி வெட்டியதைவிட நியாயம் பேசியதுதான் அதிகம்.

முடிவெடுக்கிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் கூடினோம். நடுவில் மன்றத் தலைவி உட்கார்ந்திருந்தார். முன்னாள் தபால்காரம்மா, வளவளப்பு பிடிக்காத மனுஷி. பாப்பா காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்டாள். அப்பா கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால் அவள் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டாள். நீர்த்துறையிலிருந்து வந்த அதிகாரி விதியைப் படித்தார். கோடையில் தண்ணீர் மிகக் குறைந்த நாளில்கூடக் கிணற்றில் ஆறடி நிற்க வேண்டும், அப்படிப் பத்து வருஷம் நின்றிருந்தால்தான் புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கலாம். அது மழைக்காலம், கிணறு முக்கால்வாசி நிறைந்து கிடந்தது. அன்றைக்கு அளந்து பிரயோஜனமில்லை. கோடைக்குச் சாட்சி மச்சானின் நோட்டுகள்தான்.

பத்தொன்பது நோட்டுகளும் மேஜையில் இருந்தன. ஒரு நாள் விட்டுப்போகவில்லை, ஓர் எண் அடித்துத் திருத்தப்படவில்லை. இப்படி ஒரு நோட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அதிகாரி வாய்விட்டே சொன்னார். பிறகு கோடை மாதங்களைத் தேடித் தேடிப் படித்தார். ஐந்தேகால். ஐந்து. ஐந்தரை. நாலேமுக்கால். ஆறை ஒரு வருஷமும் தொடவில்லை.

தலைவி நிமிர்ந்து, கதவருகே நின்றிருந்த மச்சானைப் பார்த்தார்.

"தொட்டிக்காரரே, இது உங்க பொண்ணு விஷயமும்தான். அதனால கேக்கறேன். இந்த அளவெல்லாம் சரிதானே?"

அறையில் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வால்வு திறக்கிற ஸ்பேனர் அவர் கால்சட்டைப் பையில் இருந்தது. அதற்காகவே நான் ஆழமாக வைத்துத் தைத்த பை. கையை உள்ளே விட்டு அதைப் பிடித்துக்கொண்டார். மச்சான், ஏதாவது சொல்லேன், ஒரு வருஷம் தப்பாக எழுதிவிட்டேன் என்றாவது சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார்.

ஓட்டெடுத்தோம். வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று நாலு கை. நாலாவது கை என்னுடையது. பெற்ற தகப்பனே மகளுக்காக ஓர் அங்குலம் வளையாதபோது, நான் எந்த முகத்தோடு விதியை மீறிக் கை தூக்குவது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு பெருமையும் வந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

வெளியே வந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாட்டுக்காரர் அவர் முதுகில் தட்டினார். நானும் தட்டினேன். சொந்த மகளுக்கு வீடு வரப்போகிற நேரத்திலும் உண்மை பேசிய மனுஷன் என்று வாத்தியாரே சொன்னார், இத்தனைக்கும் தோற்றது அவர் கட்சி. வாரக்கணக்கில் இதே பேச்சு. ஊருக்கு வருகிற விருந்தாளிகளுக்குத் தொட்டியைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னார்கள். மச்சான் யாராவது புகழ ஆரம்பித்தால் வால்வு நேரமாச்சு என்று நழுவிவிடுவார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

பாப்பா சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வாயாடிப் பெண், என்னை நார் நாராகக் கிழிப்பாள் என்று பயந்துகொண்டே போனேன். அம்மாவின் நகத்தை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி மாமா என்றாள், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் மூன்று பேரும் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள்.

அக்கா அதற்குப் பிறகு உருகினாள். கஞ்சியைத் துப்பினாள். பஸ் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து கதவைப் பார்ப்பாள். எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று பஸ், ஆக மூன்று தடவை பார்ப்பாள். அடுத்த கோடை தொடங்கியபோது ஒரு காலையில், மச்சான் மூன்றாவது தெருவுக்கு வால்வைத் திறந்துவிட்டு ஓடி வருவதற்குள், யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். செய்தி கிடைத்து பாப்பா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வீடு கட்டி முடியும் வரை அவள் நகரத்திலேயே காத்திருந்திருந்தால்கூட மூன்று மணி நேர பஸ்ஸில் வந்து முகம் பார்த்திருப்பாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நாலு நாள் இருந்தாள். அம்மா துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள், அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள், அவரோடு அதிகம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவள் பஸ் ஏறியதும் மச்சான் வீட்டுக்குள் போய் அக்காவின் கட்டிலில் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தொட்டிக்காரர் வேலைக்குப் போகாத நாள். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே, நான் போனேன்.

கயிறு ஆணியில் இருந்தது. குண்டை இறக்கினேன், இழுத்தேன், நனைந்த முடிச்சுகளை எண்ணினேன். எட்டேகால். எழுதப்போனால், அதற்கு முந்தைய நாள் அவர் கையெழுத்தில் ஆறேகால் என்று இருக்கிறது. எண்ணத் தெரியாத முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி இறக்கினேன். எட்டேகால். மூன்றாம் தடவையும் அதே. கொளுத்துகிற கோடையில், ஒரு சொட்டு மழை இல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக இரண்டடி ஏறியிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கோடையில் தண்ணீர் ஏறுமா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே எத்தனை என்றார். சொன்னேன்.

"சரியாத்தான் அளந்திருக்கே மாப்ள" என்றார்.

பிறகு அரைச் சுற்று, ஒரு சுற்று என்று மெல்ல மெல்ல வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த வறட்சி எனக்கும் ஞாபகம் இருந்தது. அந்தக் கோடையில் கிணற்றில் ஒன்பதடி இருக்கிறது என்று அவர் உள்ளது உள்ளபடி சொன்னார். ஒன்பதடி இருக்கிறதாமே என்று ஊர் தோட்டத்துக்கு ஊற்றியது, மாட்டைக் குளிப்பாட்டியது, தெருவைக் கழுவியது. மூன்றே வாரத்தில் கிணறு வறண்டு மோட்டார் எரிந்தது. ஒன்றரை மாதம் லாரித் தண்ணீர். இருக்கு இருக்குன்னு நீதானே சொன்னாய் என்று அவர் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தினேன், மறைப்பானேன். அன்றைக்கு முடிவு செய்தாராம். இந்த ஜனங்களுக்கு இருக்கிற தண்ணீர் அத்தனையையும் சொல்லக் கூடாது. எப்போதும் இரண்டடி குறைத்து எழுதுவது, அந்த இரண்டடி ஊருக்கே தெரியாமல் ஊருக்காகக் கிடக்கட்டும். அதற்குப் பிறகு கிணறு வற்றவே இல்லை.

இதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானே சொல்லாமல் கொள்ளாமல் தையலுக்குள் ஓர் அங்குலத் துணியை மடித்து விடுகிறவன்தான். ஆனால் ஆள் பெருத்தால் பிரித்து விட்டுக் கொடுப்பேனே. அதைத்தான் கேட்டேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை, மச்சான்?

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"வாய் வரைக்கும் வந்துச்சு மாப்ள. அந்த ஆபீசர் நோட்டைப் பத்திப் பெருமையாச் சொன்னாரு. எல்லாரும் என்னையே பாத்தீங்க. நான் என்ன படிச்சேன், என்ன சம்பாதிச்சேன்? இந்த நோட்டு ஒண்ணுதான் நான் செஞ்சது. அது பொய்யுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். வெளிய வந்தா முதுகைத் தட்டுனீங்க. அப்புறம் எங்க சொல்றது?"

கட்டிலை ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார்.

"உங்க அக்காகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பிக்கிட்டா. அவளால தானாத் திரும்ப முடியாது மாப்ள. எப்படித் திரும்பினான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொன்னார். யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி போன துக்கம், மகளை வரவழைக்க மனுஷன் என்னவோ உளறுகிறார் என்று மாட்டுக்காரர் பரிதாபப்பட்டார். உண்மையை எழுதியவர் என்ற பேர் அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருந்தது. அதையும் நான்தான் பிய்க்க வேண்டியிருந்தது. வாருங்கள், போய் அளப்போம் என்று கூப்பிட்டேன். ஏழு பேரும் கிணற்றடிக்குப் போனோம். அன்றைய நோட்டில் ஐந்தரை என்று இருந்தது, அவர் அன்றும் குறைத்துத்தான் எழுதியிருந்தார். பழக்கம். தலைவி கயிற்றைத் தாமே பிடித்து இழுத்து முடிச்சுகளை எண்ணினார். ஏழரை. மாட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்தார்.

மறுபடி ஓட்டெடுத்தோம். ஆறு கை எழுந்தது. நோட்டு எல்லாவற்றிலும் இரண்டைக் கூட்டிக்கொள்ள அதிகாரியும் ஒத்துக்கொண்டார். நாலேமுக்கால் ஆறேமுக்கால் ஆனது, வீடுகளுக்கு அனுமதி வந்தது. மச்சானை வேலையிலிருந்து நீக்கவில்லை, வால்வுகளின் சூட்சுமம் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவர் அளக்கும்போது மன்றத்திலிருந்து ஓர் ஆள் வந்து பக்கத்தில் நின்று பார்க்கிறார். மச்சான் எண்ணிச் சொல்கிறார், அந்த ஆள் எழுதுகிறார்.

அனுமதி வந்த அன்றே கடையிலிருந்து பாப்பாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டடி, வறட்சி, அப்பா கூட்டத்தில் எழுந்து நின்றது, ஏழாவது வீடு உனக்குத்தான் என்று தலைவி சொன்னது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

என்ன தெரியும் என்றேன்.

"ரெண்டடி. சின்னப் பிள்ளையில முடிச்சை எண்ணிச் சொன்னதே நான்தானே. நான் எட்டும்பேன், அப்பா ஆறுன்னு எழுதுவாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. சொல்லல."

"அப்போ அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொன்னா, எங்க அப்பா பொய்யர்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். அவர் சொல்லிடுவார்னுதான் அம்மாகிட்ட சொல்லிட்டு உக்காந்திருந்தேன். நீங்க எல்லாரும் வெளிய வந்து அவர் முதுகைத் தட்டினதை ஜன்னல்ல பாத்தேன் மாமா. அம்மாவுக்கும் தெரியட்டும்னு கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தேன். ரெண்டு பேரும் பாத்தோம்."

வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். அம்மா இல்லாத இடத்தில் அந்த ஜன்னலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றாள். அழவில்லை. குழந்தை கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் மச்சான் நிற்கிறார். கடைசித் தெருவுக்குத் திறந்துவிட்டு வந்திருக்கிறார், நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்ன சொன்னா?"

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன். அங்கே வேலை நன்றாக இருக்கிறதாம், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்களாம், இப்போதைக்கு வர முடியாதாம், உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். கடைசியில் சொன்னது என் சொந்தச் சரக்கு.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மச்சான். அவ்வளவுதான்."

தலையை ஆட்டினார்.

"கொறச்சுச் சொல்றே மாப்ள" என்றார்.

பையில் ஸ்பேனர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, வால்வை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தும், தெருவில் இறங்கி நடந்தார்.